இரண்டாவது கிளை திறக்கும் முன்

பொத்துவில் அறுகம்பையின் உல்லை பிரதான வீதியில் ஒரு கடையின் உணவுப் பட்டியலைப் பார்த்துவிட்டால் பக்கத்துக் கடையினதைப் பார்க்க வேண்டியதில்லை. சோறும் கறியும், கொத்து, பீட்சா, பாஸ்தா, பர்கர், ஹம்முஸ், தாய்லாந்து நூடில்ஸ், பாணின் மேல் அவகாடோ, ஸ்மூதி. மாலையானால் வாசலில் ஐஸ் மேல் அடுக்கிய பாரையும் இறாலும். பிளாஸ்டிக் உறை போட்ட எட்டுப் பக்கம். படங்களில் பாதி இணையத்திலிருந்து இறக்கியவை. இத்தனையையும் சமைக்கக் குசினிக்குள் இருப்பது இரண்டு பேரும் மூன்று அடுப்பும்தான். ஒரு மேசைக்குக் கொத்தும் அடுத்த மேசைக்குப் பாஸ்தாவும் ஒரே நேரத்தில் கேட்கப்பட்டால் இரண்டும் தாமதமாகும். ஹம்முஸுக்கு ஊறப்போட்ட கடலை மூன்றாம் நாள் குப்பைக்குப் போகும். ஓகஸ்ட் மாதத்தில் கடை நிறைந்து வழியும்போதும் முதலாளி கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பெருமூச்சு விடுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இப்படி நான்கைந்து சீசன் பார்த்து, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தவர்களுக்கு அடுத்த ஆசை கிளை. அக்கரைப்பற்றில் ஒன்று, கல்முனையில் ஒன்று, முடிந்தால் கொழும்பில் ஒன்று. "காக்கா, வெள்ளவத்தையில ஒரு கடை காலியா இருக்காம்" என்று யாராவது சொன்னால் அன்றிரவு தூக்கம் வராது. இடம் எங்கே, வாடகை எவ்வளவு, முற்பணம் எத்தனை மாதத்துக்கு என்பவைதான் முதலில் எழும் கேள்விகள். எதை விற்காமல் விடப்போகிறோம் என்ற கேள்வியைக் கேட்பவர் அரிது. ஒரு கடையைச் சங்கிலிக் கடைகளாக வளர்க்க நினைப்பவர் முதலில் தீர்க்க வேண்டியது அதைத்தான். அது தீராமல் திறக்கப்படும் இரண்டாவது கிளை, முதல் கடையின் லாபத்தையும் தின்றுவிடும்.

வணிகத்தில் போட்டி பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1980இல் வெளிவந்த மைக்கேல் போர்ட்டரின் புத்தகத்தைத் தொடாமல் போவதில்லை. ஹார்வர்ட் பேராசிரியரான அவர் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான்: மற்ற எல்லோரையும் விடக் குறைந்த செலவில் விற்கலாம், மற்றவரிடம் இல்லாத ஒன்றைக் கொடுத்து அதற்குரிய விலை வாங்கலாம், அல்லது ஒரு சிறு கூட்டத்தை மட்டும் தெரிந்தெடுத்து அவர்களுக்கென்றே கடை நடத்தலாம். மூன்றையும் ஒன்றாகச் செய்யப் போகிறவர் நடுவில் மாட்டிக்கொள்வார். உல்லையின் எட்டுப் பக்கப் பட்டியல் அந்த நடுவில்தான் நிற்கிறது.

முதல் வழியை, அதாவது விலைக் குறைப்பை, பொத்துவில் முதலாளி இப்போதே மறந்துவிடலாம். இலங்கையில் கே.எஃப்.சி. கடைகளை நடத்துவது கார்கில்ஸ் குழுமம். அதே குழுமத்திடம் நாடு முழுவதும் சுப்பர்மார்க்கெட்டுகள் இருக்கின்றன. இறைச்சி பதனிடும் தொழிற்சாலையும் இருக்கிறது. கோழியை அவர்கள் வாங்கும் விலைக்குக் கல்முனைச் சந்தையில் யாராலும் வாங்க முடியாது. 1993இல் கொழும்பில் முதல் கடையைத் திறந்த பீட்சா ஹட்டும் அப்படித்தான். மாவையும் சீஸையும் மொத்தமாக வாங்கி, விளம்பரச் செலவை எல்லாக் கிளைகளுக்கும் பரப்பிவிடுகிறது. இவர்களோடு விலையில் மோதுவது என்றால் கோழித் துண்டின் அளவைக் குறைப்பது, எண்ணெயை இன்னும் இரண்டு நாள் வைத்துப் பொரிப்பது என்றுதான் போய் முடியும். வாடிக்கையாளர் அதைச் சொல்லிக்கொண்டு போகமாட்டார். வராமல் விடுவார்.

விலை மட்டும்தான் தன் பலம் என்றிருந்த கடைகளுக்கு 2022 என்ன செய்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஏப்ரலில் லிட்ரோ நிறுவனத்தின் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒரே நாளில் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்குப் போனது. செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். நூறு ரூபாய்ச் சாப்பாட்டுக்குப் பெயர் போன கடை அதே சாப்பாட்டை இருநூறுக்கு விற்க வேண்டி வந்தபோது, வாடிக்கையாளர் அங்கே வருவதற்கு வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை.

பட்டியலைக் குறைத்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது முதலாளிமாரின் பயம். மலிவு விற்பனைக்கே உதாரணமாகச் சொல்லப்படும் மக்டொனால்ட்ஸின் தொடக்கம் இந்தப் பயத்துக்கு நேரெதிரானது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையை 1948இல் மக்டொனால்ட் சகோதரர்கள் இருவரும் சில மாதம் மூடினார்கள். 25 பண்டங்கள் இருந்த பட்டியலை ஒன்பதாக வெட்டினார்கள். தட்டு, கரண்டி, பரிமாறும் ஆட்கள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஹாம்பர்கர் விலை 15 சதம். உலகம் முழுக்கக் கிளை விட்ட அந்த நிறுவனத்தின் முதல் தீர்மானம் பதினாறு பண்டங்களை விற்பதில்லை என்பதுதான்.

சரி, பொத்துவிலில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

விடவேண்டியவற்றில் முதலாவது, கடற்கரையை நம்பிச் சங்கிலி கட்டும் எண்ணம். அறுகம்பையின் அலைக்குச் சீசன் ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை. தென்மேல் பருவக்காற்று நாட்டின் மறுபக்கத்தை நனைக்கும் காலத்தில் இந்தப் பக்கம் வெயிலும் தெற்கிலிருந்து வரும் அலையுமாக இருக்கும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கியதும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஹிக்கடுவைக்கும் வெலிகமவுக்கும் போய்விடுவார்கள். ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாத வாடகை கொடுக்கும் தொழில் இது. அந்த ஆறு மாதமும் நிச்சயமில்லை. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டிய, நாட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் தொகை 2021இல் இரண்டு இலட்சத்தை எட்டவில்லை. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அந்த ஒக்டோபர் 23ஆம் திகதி அறுகம்பையைப் பெயர் சொல்லி அமெரிக்கத் தூதரகம் ஒரு எச்சரிக்கை விடுத்ததும் மேசைகள் காலியாகத் தொடங்கின. குடாவிலேயே இரண்டாவது, மூன்றாவது கடை போடுகிறவர் ஒரே ஆபத்தை மூன்று முறை விலை கொடுத்து வாங்குகிறார்.

இதில் யாரும் அதிகம் பேசாத கணக்கொன்றும் உண்டு. நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். 2012இல் ஜூலை இறுதியில் தொடங்கிய நோன்பு 2019இல் மே மாதத்துக்கு வந்திருந்தது. அந்த ஆண்டுகளில் எல்லாம் சீசனின் நடுவிலோ வாயிலிலோ நோன்பு. குசினியில் நின்றவர்கள் தாகத்தோடு அடுப்பில் வெந்தார்கள். 2026இல் நோன்பு பெப்ரவரியில். கணிப்பின்படி 2036 ஒக்டோபர் பிற்பகுதியில்தான் அது மீண்டும் சீசனின் வாலைத் தொடும். அதாவது உல்லைக் கடைக்கு நோன்பும் சீசனும் மோதாத பத்து ஆண்டு கையில் இருக்கிறது. கல்முனைக் கிளைக்கோ நோன்பு என்பது பகலில் மூடி இரவில் விற்கும் மாதம்: கஞ்சி, நோன்பு திறக்கும் சிற்றுண்டி, சஹர் சாப்பாடு. உல்லையில் ஆட்களுக்கு வேலையில்லாத மாதத்தில் கல்முனையில் ஆள் போதாது. ஒரே பணியாளர்களை இரண்டு இடத்துக்கும் மாற்றி மாற்றி அமர்த்த இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

ஆகவே கிளை போக வேண்டிய திசை வடக்கு. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை சுற்றிப் பொத்துவிலுக்கு வரும் ஏ4 வீதி, இங்கிருந்து கரையோரமாகக் கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊருக்கு ஊர் தொட்டுக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம்; கல்முனையில் இரண்டு பெரிய வைத்தியசாலைகள், வங்கிகள், நீதிமன்றம். அலை வந்தாலும் வராவிட்டாலும் மத்தியானம் பசிக்கும் மனிதர்கள் இவர்கள். அடுத்தடுத்த ஊர்கள் என்பதால் சுபஹுக்குப் புறப்படும் ஒரு லொறி மூன்று கிளைக்கும் சாமான் இறக்கிவிட்டு லுஹருக்கு முன் திரும்பிவிடும். வெள்ளவத்தைக் கிளைக்கு யார் இறக்குவது?

ஆனால் இந்த வீதியில் உல்லையின் பட்டியல் செல்லாது. வெள்ளைக்காரருக்காகப் போட்ட எட்டுப் பக்கத்தில் ஏழு பக்கம் கல்முனையில் வெறும் தாள். "ஹலால்" என்ற பலகையும் இங்கே ஒரு வித்தியாசம் அல்ல. கொழும்பிலோ கண்டியிலோ அது ஒரு கூட்டத்தை உள்ளே அழைக்கும், சாய்ந்தமருதில் எல்லாக் கடையும் ஹலால். போட்டியாளரிடமும் இருக்கும் ஒன்று, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வியாபாரத்தில் பலமாகாது.

போட்டியாளரிடம் இல்லாதது எது என்று தேடினால் விடை வீட்டுக் குசினியில் கிடைக்கிறது. பிட்டும் பாலாணமும், களப்பு இறால், நண்டு, சட்டியில் உறைந்த எருமைத் தயிர், வட்டிலப்பம். இந்தக் கரையின் சமையல் இவ்வளவு வளமாக இருந்தும், வீட்டில் உம்மா சமைக்கும் தரத்தில் அதை விற்கும் கடைகளை விரல் விட்டு எண்ணலாம். புரியாணியும் கொத்தும் ஃப்ரைட் ரைஸும் மூலைக்கு மூலை உண்டு. ஏன் என்று கேட்டால் "வீட்டில கிடைக்கிறத ஆரு காசு குடுத்துத் தின்பான்" என்பார்கள்.

தின்கிறார்கள். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் 'ஹெல போஜுன்' உணவகங்களைத் தெற்கிலும், அதே வகையில் இயங்கும் 'அம்மாச்சி' உணவகங்களை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாவிலும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தோசை, அப்பம், பிட்டு, இலைக்கஞ்சி, வடை. கண்ணுக்கு முன்னால் சூடாகச் செய்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அலுவலகத்துக்குப் போகிறவர்களும் தூரப் பயணம் போகிறவர்களும் நிறுத்தி வாங்குகிறார்கள். வீட்டில் கிடைப்பதாகச் சொல்லப்படும் சாப்பாட்டைச் சமைக்க, காலை ஏழு மணிக்குப் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் புறப்படும் பெண்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

சென்னையில் இதையே பெரிய அளவில் செய்தது சரவண பவன். 1981இல் கே.கே. நகரில் பி. ராஜகோபால் அதைத் தொடங்கியபோது இட்லியும் தோசையும் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதல்ல. மலிவான எண்ணெயும் மரக்கறியும் வாங்கு, ஆட்களுக்குச் சம்பளத்தைக் குறை என்று யோசனை சொன்னவரை அவர் அனுப்பிவிட்டதாகச் சொல்லப்படுவதுண்டு. நல்ல பொருள், சுத்தமான குசினி, பணியாளருக்குத் தங்குமிடமும் மருத்துவமும். ஆரம்பத்தில் நட்டம், பிறகு வரிசை. கொலை வழக்கில் அவருடைய ஆயுள் தண்டனையை 2019இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த ஆண்டே இறந்தும் போனார். மனிதரைப் பற்றிய தீர்ப்பு அது. கடைகளில் சாம்பார் மாறவில்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தால்தான் கடை நடக்கும் என்று நம்பும் நம் ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. கல்லாவில் ஒரு வாப்பா, ஒரு மகன் என்று இருவர்தான் இருந்தால், கிளையும் இரண்டுக்கு மேல் போகாது.

ஆளில்லாமலும் ருசி மாறாதிருக்க வேண்டுமானால் அது எழுத்திலும் தராசிலும் இருக்க வேண்டும். திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய புரியாணிக் கடை, அவர் கட்டிய தலைப்பாகையால் தலப்பாகட்டி என்று பெயர் பெற்றது. நெடுங்காலம் அது ஒரு ஊர்க் கடை. பேரன் காலத்தில் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பரவியபோதும் சீரகச் சம்பா அரிசியை விட்டு நீள அரிசிக்குப் போகவில்லை. புரியாணி என்றால் பாஸ்மதி என்றிருந்த சந்தையில் அந்தக் குட்டை அரிசியே அடையாளமானது. சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் நெல் விளையும் பூமி. பொத்துவிலைச் சுற்றியும் வயல்கள்தான். ஒரே ஆலை, ஒரே நெல்லினம், ஒரே ஈரப்பதம் என்று ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள இங்குள்ள கடைக்காரருக்கு முடியும். ஆனால் பல குசினிகளில் அரிசி இன்னும் சுண்டுக் கணக்கில், தூள் கைக்கணக்கில். கைக்கணக்கு அந்தக் கைக்குச் சொந்தமானவர் இருக்கும் வரை ருசியாக இருக்கும். அவர் கட்டாருக்குப் போனால் ருசியும் கட்டாருக்குப் போய்விடும். தூளைப் பொத்துவிலில் ஒரே இடத்தில் வறுத்து அரைத்து, ஒரு கிலோ அரிசிக்கு இத்தனை கிராம் என்று பொதியிட்டுக் கிளைகளுக்கு அனுப்புவது பெரிய முதலீடு கேட்கும் காரியமல்ல.

பெயரையும் பூட்டி வைக்க வேண்டும். தலப்பாகட்டியின் பெயரைச் சிறு எழுத்து மாற்றத்தோடு வைத்துக்கொண்ட கடைகள் பெருகி, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கொழும்பு கொள்ளுப்பிட்டியில் சீஸ் கொத்துக்குப் பேர்போன பிலாவுஸ் கதை நமக்கு இன்னும் கிட்டடி: அந்தப் பெயரோடு முன்னும் பின்னும் ஒரு சொல் சேர்த்து எத்தனை கடைகள் என்று காலி வீதியில் போகிறவர் எண்ணிக்கொண்டே போகலாம், எது அசல் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். சமையல் குறிப்பு கசிவதைத் தடுக்க முடியாது. கொழும்பில் தொழில் பழகிய ஏ.எம். புஹாரி 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் திறந்த ஹோட்டலில்தான் 1965இல் சிக்கன் 65 பிறந்தது என்பது அந்த ஹோட்டலின் கூற்று. இன்று அது யாருடைய பண்டமும் அல்ல. பெயரை மட்டும் காக்கலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியைப் பதிந்தால் பத்தாண்டுக்குப் பாதுகாப்பு, பிறகு புதுப்பிக்கலாம். இரண்டாவது கிளைக்குப் பலகை எழுதக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

உல்லைக் கடையை அப்போது என்ன செய்வது? மூட வேண்டியதில்லை, அதுவும் தன் வேலையைத் தெரிந்தெடுக்க வேண்டும். முஸ்லிம் முதலாளிமார் பலர் மது விற்பதில்லை. இரவு வியாபாரத்தில் அது பெரிய இழப்பு; பியரும் இசையும் இருக்கும் இடத்துக்குத்தான் இரவில் கூட்டம் போகும். அந்த இழப்பை மறைக்கப் பட்டியலை நீட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது. அலைக்காரர் விடியும் முன் பலகையோடு இறங்குகிறவர். எட்டு எட்டரைக்கு உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, பசியில் கை நடுங்க, கரையேறி வருவார். அந்த நேரத்தில் சூடான அப்பம், தேங்காய் ரொட்டி, முட்டை, தயிரும் பாணியும், இளநீர், நல்ல கோப்பி என்று காலையில் ஆறு மணிக்கே அடுப்பு மூட்டும் கடைக்கு, இரவு முழுக்க விழித்திருந்து பதினொரு மணிக்குக் கதவு திறக்கும் கடை போட்டியே அல்ல. காலையும் மதியமும் மட்டும், மாலை ஐந்துக்குக் கடை மூடல் என்று துணிந்தால் ஒரு முறை ஆட்களின் சம்பளமும் மிச்சம்.

கிளைகள் பெருகும்போது வரும் ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2024 மார்ச்சில் இலங்கையின் 12 மக்டொனால்ட்ஸ் கடைகளும் ஒரேயடியாக மூடப்பட்டன. தரம் பேணப்படவில்லை என்று சொல்லித் தாய் நிறுவனம் உள்ளூர்ப் பங்காளியோடு உறவை முறித்ததே காரணம். ஒரு குசினியின் அழுக்கு எல்லாப் பலகையிலும் ஒட்டும். தனிக் கடைக்கு ஒரு முறைப்பாடு வந்தால் அந்தத் தெரு பேசும். அக்கரைப்பற்றுக் கிளையில் ஒரு பிள்ளைக்கு வயிறு குழம்பினால் மட்டக்களப்பு வரை முகநூலில் பேசும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவதற்கு முன் தானே பரிசோதிக்கும் ஒருவரை, கிளை முகாமையாளருக்குக் கீழே இல்லாமல் நேரே முதலாளிக்குப் பதில் சொல்கிறவராக, வைத்துக்கொள்வது மூன்றாவது கிளைக்கு முன்பே தேவை.

இவ்வளவையும் யாரை வைத்துச் செய்வது என்பதுதான் இந்தக் கரையில் மிகக் கடினமான பகுதி. கொத்துப் போடத் தெரிந்தவரும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவரும் இரண்டு சீசன் முடிந்ததும் வளைகுடாவுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். மாதச் சம்பளத்தில் டோஹாவோடு போட்டியிட முடியாது. ஆனால் இங்குள்ள வியாபாரிகளுக்கு வேறு நாட்டுப் புத்தகம் தேவையில்லாத ஒரு ஏற்பாடு ஏற்கனவே தெரியும்: முழாரபா. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைப்பைப் போடுகிறார், லாபம் பேசிக்கொண்ட விகிதத்தில். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குக் காசும் உழைத்தவருக்கு உழைப்பும் போகும். ஒவ்வொரு கிளையின் முகாமையாளரையும் சம்பளக்காரராக அல்லாமல் இப்படிப் பங்காளியாக அமர்த்தினால், கல்லாவில் இருப்பவர் காசை எண்ணும் கவனம் வேறாக இருக்கும். விமானச் சீட்டின் இழுப்பும் கொஞ்சம் தளரும். வாப்பா கட்டிய கடையில் வெளியாளுக்குப் பங்கா என்று வீட்டில் சத்தம் எழும், எழட்டும். சத்தம் எழவேண்டியது ஒப்பந்தத்துக்கு முன்னால், பின்னால் அல்ல. வாய்ப்பேச்சில், பள்ளிவாசல் திண்ணையில் முடித்த பங்குகள் பிரிந்தபோது ஒரே பெயரில் எதிரெதிரே இரண்டு கடை முளைத்ததை இந்த ஊர்கள் பார்த்திருக்கின்றன. விகிதம், கணக்குப் பார்க்கும் நாள், கிளையிலிருந்து முதலாளி வீட்டுக்குப் போகும் சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது, பிரிகிறபோது பெயரும் தூள் அளவும் யாருக்கு என்பது வரை சட்டத்தரணி முன் எழுதிக் கையெழுத்தானதும், கல்முனையில் கடைக்கு இடம் தேடப் புறப்படலாம்.